நிறுத்தியது எவர் கை?

ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென நின்றுவிட்டால், மனிதன் கேட்கும் முதற் கேள்வி "என்ன நேர்ந்தது?" என்பது. அடுத்த கேள்வி "யார் செய்தது?" என்பது. முதற் கேள்விக்கு விடை காண்பது பெரும்பாலும் எளிது. வாய்க்கால் வறண்டு கிடக்கும்; விளக்கு அணைந்திருக்கும்; கணினித் திரை இருண்டிருக்கும். கண்ணுடையோர் எவரும் அதனைக் காண்பர். இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதே அரிது. நின்றுபோன இடத்தில் நிறுத்திய கை இருப்பதில்லை. கைக்கும் விளைவுக்கும் இடையே தூரம் கூடக் கூட ஐயமும் கூடுகின்றது. ஐயம் மிகுந்த இடத்திலோ பழியானது பெரும்பாலும் எளியவர் தலையிலேயே போய் விழுகின்றது.

இந்த இரண்டாவது கேள்வியின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்குக் கல்முனைக் கரையோரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்நெடுங்கரையின் கிழக்கே கடல். மேற்கே சம்மாந்துறையையும் தாண்டிப் பரந்து கிடக்கும் வயல்வெளி. இம்மக்களின் வாழ்வுக்கு வேண்டிய மூன்று பொருள்கள், காலத்திற்கு ஒன்றாகத் தொலைவிலிருந்து வரத் தொடங்கின. முதலில் வந்தது நீர். அடுத்து வந்தது மின்சாரம். இறுதியாக வந்தவை கணினியில் காக்கப்படும் பதிவுகள். மூன்றும் ஒவ்வொரு வேளை நின்றதுண்டு. அவ்வாறு நின்ற ஒவ்வொரு முறையும் அதே கேள்வி எழுந்ததுண்டு.

முதலில் நீரை நோக்குவோமாயின், பழைய ஏற்பாட்டில் அக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை எனலாம். குளம் அருகில் இருந்தது. மடையும் அருகில் இருந்தது. மடையைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் வட்டை விதானை என்றொருவர் இருந்தார். வயற்காரர் கூடித் தமக்குள் ஒருவரை அப்பதவிக்குத் தெரிந்தெடுக்கும் பழைய வழக்கத்திற்கு, 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அரசின் ஒப்புதலை வழங்கியது. அவருக்குரிய கூலி பணமாக அன்றி, விளைந்த நெல்லில் ஒரு பங்காகக் கிடைத்தது. மடை மூடியிருந்தால் மூடியவர் யார் என்று ஊரில் எவரும் வினவ வேண்டியதில்லை. அவர் பெயர் அனைவர்க்கும் தெரியும்; அவர் வீடும் தெரியும். பிழை செய்தால் வேளாண்மை வெட்டும் காலத்தில் அவரை முகத்துக்கு முகம் கேட்கலாம். பதவியில் பலர் தம் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினர் என்னும் முறைப்பாடும் இருந்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் அப்பழைய ஏற்பாட்டில் ஒரு சிறப்பு இருந்தது. அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

அச்சட்டம் வருவதற்கு முன்னரே தூரம் வந்துவிட்டது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்க நிறுவனமாகிய மொரிசன் நட்சனின் உழைப்பினால் பேரணை எழுந்தது. அதன் பின்னே தேங்கிய நீர்ப்பரப்பு, நாட்டின் முதற் பிரதமரின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் எனப்பட்டது. அணையிலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து பகிர்வு வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால் என நீர் படிப்படியாகப் பிரிந்து கீழே வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு கை. கடைசி வாய்க்காலின் கடைசி வயலில் நிற்கும் உழவனுக்கு, அத்தனை கதவுகளுள் எது மூடப்பட்டது, எவர் மூடினார் என்பதை அறிய வழியில்லாது போயிற்று. அவன் அறிந்ததெல்லாம் நீர் வரவில்லை என்பது ஒன்றே.

1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்களின் கதவுகளுட் பல உடைந்தும் பழுதுற்றும் கிடந்தன. மேட்டிலிருந்தோர் தமக்கு வேண்டிய அளவுக்கு மிஞ்சி நீரை எடுத்தனர் எனக் கீழிருந்தோர் குறை கூறினர். அதிகாரிகள் பாராமுகமாயிருந்தனர் என உழவர் குறை கூறினர். உழவர் கதவுகளை உடைத்தனர் என அதிகாரிகள் குறை கூறினர். மேட்டுக் குடியேற்றங்களில் பெரும்பாலும் சிங்களம் பேசுவோரும், கடைமடைப் பகுதிகளில் தமிழ் பேசுவோரும் வாழ்ந்தமையால், இன்னார் செய்தார் என்று அறியாத பழி, இன்ன இனத்தார் செய்தார் என்று மாறக்கூடிய இடர் அங்கே இருந்தது. தனி மனிதன் ஒருவனின் பெயர் கிட்டாதவிடத்து, ஒரு கூட்டத்தின் பெயர் அவ்விடத்தை நிரப்பிக்கொள்வது உலக இயல்பு.

அந்நிலையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியில் ஈடுபட்டன. 1981 ஆம் ஆண்டில் இளம் அமைப்பாளர்கள் உழவர் நடுவே சென்று தங்கினர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறுவோர் ஒரு குழுவாயினர். குழுவுக்கு ஒரு பிரதிநிதி தெரிந்தெடுக்கப்பட்டார். நீர்த்தேக்கத்தில் நீர் குறைந்திருந்த அவ்வாண்டில், வாய்க்கால்களைத் தூர் வாரியும், முறை வைத்து நீர் பாய்ச்சியும், மிச்சப்பட்ட நீரை அவர்கள் கீழே விட்டனர். இன்ன நாளில் இன்ன வாய்க்காலுக்கு முறை என்பது அனைவர்க்கும் தெரிந்தது. பெரும் பொறி எதுவும் அங்கே புதிதாக வந்து இதனைச் செய்யவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நாளும் ஒரு பெயரும் மீண்டும் கிட்டின, அவ்வளவே. பழியின் சூடு தணிவதற்கு அதுவே பெரிதும் துணை செய்தது.

நீரிலே கற்ற இப்பாடத்தை மின்சாரம் இன்னும் கடுமையாகப் புகட்டிற்று. கதவு மூடினால் வாய்க்கால் வற்றுவதற்கு நேரம் செல்லும். மின்சாரத்திலோ விளைவு கணப்பொழுதில் நாடெங்கும் பரவுகின்றது. 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17 ஆம் நாள் நண்பகல் வேளையில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பல இடங்களில் அது மீளுவதற்கு ஏழு மணித்தியாலம் வரை சென்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் உடனடியாக இயங்க இயலாமையால், பின்வந்த சில நாட்களிலும் முறை வைத்து மின்துண்டிப்பு நடந்தது. கல்முனையில் இருந்தவர் கண்டது இருளை மட்டுமே. காரணமோ தீவின் மறுபுறத்தில், கொழும்பிற்கு வடக்கே உள்ள கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்தில் இருந்தது. அங்கு நடந்த பராமரிப்பு வேலையின்போது உரிய ஒழுங்குமுறை பேணப்படவில்லை என்று விசாரணை காட்டியது.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு மீண்டும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின் உபகரணத்தில் பட்டதே காரணம் என்று துறைசார் அமைச்சர் அறிவித்தார். உலகெங்கும் நகைப்புக்கு இடமான அச்செய்திக்குப் பின்னே கனமான ஓர் உண்மை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் மின்தேவை குறைவு. வெயில் நன்றாக எறித்தமையால் கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனத்த சுழல் இயந்திரங்களின் பங்கு குறைவு. ஆகையால் ஓரிடத்தில் ஏற்பட்ட சிறு பழுது முழு வலைப்பின்னலையும் வீழ்த்திற்று. மின்சார சபையே பின்னர் இதனை எடுத்துரைத்தது. தூண்டிய கை வேறு. விழுவதற்கு ஆயத்தமாக இருந்த நிலை வேறு. முன்னதை மட்டும் கண்டுபிடித்து விசாரணையை முடித்துவிடுபவன் பாதி உண்மையையே கண்டவனாவான்.

இத்தகைய விசாரணைகளில் காலக்குறிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அமெரிக்காவின் அனுபவம் விளக்கும். 2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14 ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்றாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். ஒகையோ மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் எச்சரிக்கை தரவேண்டிய மென்பொருள் செயலிழந்திருந்தது; அங்கு பணியிலிருந்தோர் அதனை அறியாதிருந்தனர். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள் கிடைத்தன. ஆனால் பல பதிவுக் கருவிகளின் மணிக்கூடுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. எது முன், எது பின் என்று தெரியாவிடின் எது காரணம், எது விளைவு என்று எவ்வாறு கூறுவது? கருவிகள் யாவும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமென அந்த விசாரணை அறிக்கை வற்புறுத்தியது.

இனி மூன்றாவதாகிய கணினிக்கு வருவோமாயின், நீரிலும் மின்சாரத்திலும் கண்ட எல்லாத் துன்பங்களும் அங்கே ஒருங்கே காத்திருக்கக் காணலாம். கந்தோர்களில் சேர்வர் என்று வழங்கும் சேவையகமானது, பலருக்கும் பொதுவாகப் பதிவுகளைக் காத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கணினி. மருத்துவமனையின் நோயாளர் விவரமும், வங்கியின் கணக்கும், பல்கலைக்கழகத்தின் பெறுபேறும் இன்று அத்தகைய பொறிகளில் இருக்கின்றன. பொறி இருக்கும் ஊர் வேறு. அதனைக் காவல் செய்பவர் இருக்கும் ஊர் வேறு. காவல் செய்யும் நிரல் குறித்த இடைவெளியில் "இருக்கின்றாயா?" என்று ஒரு குரல் கொடுக்கும். மறுமொழி வந்தால் நலம். வராவிட்டால் எச்சரிக்கை ஒலிக்கும். அக்காவலாளி கடைமடை உழவனை ஒத்தவன். நின்றது என்பதை அவன் அறிவான். மின்சாரம் போயிற்றா, தொடர்புக் கம்பி அறுந்ததா, அல்லது எவரேனும் நிறுத்தினாரா என்பதை அந்த மௌனம் அவனுக்குச் சொல்லாது.

இதற்கு விடை காணும் முயற்சி, ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய காலத்தோடு பிறந்தது. 1961 ஆம் ஆண்டில் மெசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவினரும் செய்து காட்டிய நேரப்பகிர்வு முறையில், ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தினர். பலர் வந்ததனால் பெயர் வேண்டியதாயிற்று. பெயரைக் காக்கக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. ஆயினும் பொறியை நிறுத்தும் உச்ச அதிகாரம் நெடுங்காலம் ஒரு பொதுப் பெயரிலேயே இருந்தது. அப்பெயரின் கடவுச்சொல்லை அறிந்த நால்வருள் எவர் நிறுத்தினாலும், பதிவேடு அந்த ஒரே பெயரையே காட்டும். 1980 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவான சூடோ என்னும் நிரல் இதற்கொரு வழி கண்டது. ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே உள்ளே வந்து, வேண்டிய ஒரு செயலுக்கு மட்டும் உயர் அதிகாரத்தை இரவல் பெறலாம். யார், எப்போது, எந்தக் கட்டளைக்காகப் பெற்றார் என்பது பதிவாகும். வட்டை விதானைக்கு இருந்த பெயர் இவ்வாறு கணினிக்கும் வந்தது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் சேர்வர் 2003 இன்னும் ஒரு படி சென்றது. நிறுத்த முனைபவரிடம் "எதற்காக நிறுத்துகின்றீர்?" என்று பொறியே வினவி, காரணத்தையும் எழுதி வைத்தது. இத்தகைய பொறிகளின் நிகழ்வேட்டில் 1074 என்னும் எண்ணுடைய குறிப்பு, எந்த நிரல், எவர் பெயரில், என்ன காரணம் காட்டி நிறுத்தியது என்பதைச் சொல்லும். 6008 என்னும் எண்ணுடைய குறிப்பு, பொறி விடைபெறாமலே வீழ்ந்தது என்பதைச் சொல்லும். பின்னது தனித்துக் காணப்படுமாயின், அங்கே எவர் பெயரையும் தேடுவது வீண். மின்சாரம் அறுந்திருக்கலாம், பொறி பழுதுற்றிருக்கலாம், எவரேனும் ஆளியை நேரே அழுத்திப் பிடித்திருக்கலாம். ஆகவே விசாரிப்பவர் முதலில் அறிய வேண்டியது, நிறுத்தம் கட்டளையால் நேர்ந்ததா, வீழ்ச்சியால் நேர்ந்ததா என்பதே. அதன் பின்னரே பெயருக்குப் போகலாம்.

பெயர் கிடைத்த பின்னும் அவசரம் ஆகாது. ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கந்தோரில் மாலை வேளையில் மின்சாரம் நிற்கின்றது. சேவையகத்துக்குத் துணையாக உள்ள மின்கலம் சிறிது நேரம் தாங்குகின்றது. அது தீரும் தறுவாயில், பதிவுகள் பழுதாகாதவாறு பொறியை ஒழுங்காக நிறுத்துமாறு மின்கலத்தின் காவல் நிரலே கட்டளையிடுகின்றது. அவ்வேளை உள்ளே பணியிலிருந்தவர் இளம் எழுதுவினைஞர் ஒருவர் மட்டுமே. மறுநாள் எழும் கேள்விக்கு, "அந்நேரம் அங்கே இருந்தவர் அவர்தான்" என்பதே பலருக்கும் போதுமான விடையாகிவிடும். நிகழ்வேட்டைத் திறந்து பார்த்தாலோ, அங்கே எழுதுவினைஞரின் பெயர் இராது. சிஸ்டம் என்னும் பொறியின் பெயரே இருக்கும். அந்த ஒரு வரி ஓர் இளைஞரின் வேலையைக் காக்கும். மாறாக, மேலதிகாரி ஒருவர் தம் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்து வேலை வாங்கியிருந்தால், அல்லது அவருடைய கடவுச்சொல்லை மேசைத் தாளில் எழுதி வைத்திருந்தால், பதிவேடு காட்டும் பெயர் ஒன்றாகவும் செய்த கை வேறொன்றாகவும் இருக்கும். பதிவேடு கணக்கின் பெயரையே அறியும், கையை அறியாது. அதனை உணராத விசாரணை, பதிவேடு இல்லாத விசாரணையைக் காட்டிலும் கொடியது. ஏனெனில் அதன் பிழைக்குச் சான்றும் துணை நிற்கின்றது.

இலங்கையில் இது வெறும் கந்தோர் வழக்கு அன்று. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவதையும் அதன் இயக்கத்துக்குக் கேடு விளைவிப்பதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. கணினி தரும் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கான வழியை 1995 ஆம் ஆண்டின் சான்றுச் சிறப்பேற்பாடுகள் சட்டம் முன்னரே வகுத்திருந்தது. எனவே நிகழ்வேட்டின் ஒரு வரி ஒருவரைச் சிறைக்கும் அனுப்பலாம், மீட்டும் விடலாம்.

அத்தகைய வரி நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமாயின் இரண்டு காவல்கள் வேண்டும். முதலாவது நேரம். இலங்கையர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. 1996 ஆம் ஆண்டில் நாட்டின் மணிக்கூடுகள் முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டிலேயே அரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டன. 2006 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பழைய நேரத்துக்கே திரும்பின. மாற்றத்தை அறியாத கணினி அரை மணித்தியாலம் பிழையான நேரத்தையே எழுதும். பணி முடித்து வீடு சென்றவர், அந்த அரை மணித்தியாலத்தால் பணியிலிருந்தவராக ஆகிவிடலாம். டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்து 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட நேர ஒழுங்குமுறை, வலையமைப்பிலுள்ள கணினிகள் ஒன்றையொன்று கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ள வழி செய்தது.

இரண்டாவது காவல், பதிவின் படி ஒன்று வேறிடத்தில் இருப்பது. பொறியை நிறுத்தும் அதிகாரம் உடையவனுக்குப் பெரும்பாலும் அதன் பதிவேட்டை அழிக்கும் அதிகாரமும் இருக்கும். திருடன் கையிலேயே சாவியும் சாட்சியும் இருப்பதற்கு அது ஒப்பாகும். ஆகையால் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அக்கணமே தொலைவிலுள்ள வேறொரு பொறிக்கு அனுப்பப்படுதல் வேண்டும். அங்குள்ள பதிவில் இவனுடைய கை படக்கூடாது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, மருதமுனை முதல் தெற்கே நீண்ட இக்கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தப்பியவர் பலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பெட்டியோடு இழந்தனர். வேறிடத்துப் பதிவேட்டில் படி இருந்தவர்க்கே தம் உரிமையை மீண்டும் நிலைநாட்டுவது எளிதாயிற்று. ஒரே இடத்தில் இருக்கும் பதிவு, பதிவே ஆகாது என்பதை இக்கரையோர மக்கள் அவ்வாறு விலை கொடுத்துக் கற்றனர்.

நீர், மின்சாரம், கணினி என்னும் மூன்றின் வரலாறும் கூறுவது ஒன்றே. தொலைவிலிருந்து வரும் எந்தப் பொருளையும் நிறுத்தும் அதிகாரம், பெயருடைய ஒருவரிடம் இருத்தல் வேண்டும். அவர் கை அசைந்த இடத்திலேயே, அசைந்த நேரத்திலேயே, அப்பெயர் எழுதப்படுதல் வேண்டும். அந்த எழுத்து அவருக்கும் எட்டாத இடத்தில் காக்கப்படுதல் வேண்டும். இதனைக் குற்றவாளியைப் பிடிக்கும் வலை என்று மட்டும் கருதுவோர் அதன் பெரும் பயனைக் காணத் தவறுகின்றனர். குற்றம் செய்தவர் சிலரே. ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் ஐயத்துக்கு ஆளாகி நிற்பவரோ பலர்: மடையருகே நின்ற உழவன், உப மின்நிலையத்தின் கடைநிலை ஊழியன், மாலை வேளையில் தனித்திருந்த எழுதுவினைஞர். உண்மையான பதிவேடு முதலில் விடுவிப்பது இவர்களையே.